மோட்டார்ஹோமுக்கு ஜெனரேட்டர்: புரோப்பேனா டீசலா?

உங்க கேள்விய நான் புரிஞ்சுகிட்டது இது. வண்டி, அதாவது படுக்கை, சமையல் எல்லாம் உள்ளேயே இருக்கற மோட்டார்ஹோம், டீசல் இன்ஜின், ஏழரை மீட்டர் நீளம், கூரை மேல ஒரு 13,500 பிடியு (குளிர், சூடு தர்ற திறனை அளக்கற அலகு) ஏசி. அடுப்பு, ஹீட்டர், வெந்நீர் இதுக்கெல்லாம் அடியில ஏற்கனவே 50 லிட்டர் புரோப்பேன் டேங்க் இருக்கு, ஜெனரேட்டர் மட்டும் இல்ல. விக்கறவர் "புரோப்பேன் போடுங்க, சுத்தம், சத்தம் கம்மி, விலையும் கம்மி, டேங்க் வேற ரெடியா இருக்கு"ன்னு சொல்றார், நண்பர் "டீசலைத் தவிர வேற எதையும் தொடாதீங்க"ன்னு சொல்றார், யாரை நம்பறது?

ரெண்டு பேருமே பொய் சொல்லல. ஆனா ரெண்டு பேருமே உங்களைக் கேட்டிருக்க வேண்டிய ஒண்ணைக் கேக்கல, அது வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஜெனரேட்டர் ஓடப்போகுதுங்கறது. எப்பவாவது மைக்ரோவேவ் போட, மழை நாள்ல பேட்டரி ஏத்த, மத்தியானம் ஒரு மணி நேரம் ஏசி போடன்னா புரோப்பேன் போதும், தாராளமா போதும். கரண்ட் இல்லாத இடத்துல நாள் கணக்கா நின்னு ராத்திரி முழுக்க ஏசி ஓடணும்னா டீசல்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. என் கணக்குக்கு வருஷத்துக்கு நூறு மணி நேரம்ங்கறதை ஒரு கோடா வெச்சுக்குவேன், அதுக்குக் கீழன்னா புரோப்பேனை யோசிக்கலாம், மேலன்னா டீசல். உங்க வண்டி ஏற்கனவே டீசலா இருக்கறதால தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ஞ்சேதான் இருக்கு. ஏன்னு விளக்கமா சொல்றேன், கொஞ்சம் கணக்கு வரும்.

ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 36 மெகாஜூல் சக்தி இருக்கு. ஒரு லிட்டர் திரவ புரோப்பேன்ல சுமார் 25 மெகாஜூல்தான். ஆக லிட்டருக்கு லிட்டர் வெச்சுப் பாத்தாலே புரோப்பேன் மூணுல ஒரு பங்கு கம்மி. இதோட நின்னிருந்தா பரவாயில்ல, இன்ஜினும் சேந்துக்குது. டீசல் இன்ஜின் காத்தை 16 மடங்கு, 20 மடங்குன்னு அழுத்தி அந்தச் சூட்டுலயே எரிக்குது, காத்து உள்ள வர்ற வழியை அடைக்கற த்ராட்டில்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையாது, அதனால பாதி லோடுல ஓடினாலும் எரிபொருளை வீணாக்கறது கம்மி. புரோப்பேன் ஜெனரேட்டர்ங்கறது அடிப்படையில ஸ்பார்க் ப்ளக் வெச்ச பெட்ரோல் இன்ஜின்தான், கார்புரேட்டர் பக்கம் மட்டும் மாத்தி கேஸ்ல ஓட விட்டிருக்காங்க. லோடு குறைஞ்சா அதோட சிக்கனமும் வேகமா விழும்.

இதை ஒரு ராத்திரிக்குப் போட்டுப் பாருங்க. ஏசி, ஃப்ரிட்ஜ், பேட்டரி சார்ஜர் எல்லாம் சேந்து சராசரியா 1.5 கிலோவாட், 8 மணி நேரம், மொத்தம் 12 யூனிட். சின்ன புரோப்பேன் இன்ஜின் அந்த லோடுல எரிபொருளோட சக்தியில ஒரு 15 சதவீதத்தைத்தான் கரண்டா தரும்னு வெச்சா 11 லிட்டருக்கு மேல குடிக்கும். டீசல் 22 சதவீதம்னு வெச்சா ஐந்தரை லிட்டர். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. மாடலுக்கு மாடல் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா இந்த ரெண்டுக்கு ஒண்ணுங்கற விகிதம் பெருசா மாறாது.

இப்ப உங்க டேங்கைப் பாருங்க. 50 லிட்டர் டேங்க்ல 50 லிட்டர் நிரப்ப மாட்டாங்க, சூட்டுல திரவம் விரியறதுக்கு இடம் விடணும்னு 80 சதவீதத்தோட நிறுத்திடுவாங்க, ஆக உங்ககிட்ட இருக்கறது 40 லிட்டர். மூணரை ராத்திரி ஏசி, டேங்க் காலி. அதோட அடுப்பும் காலி, வெந்நீரும் காலி, ஹீட்டரும் காலி. "டேங்க் ரெடியா இருக்கு"ன்னு விக்கறவர் சொன்னதுல இந்தப் பகுதி இல்ல பாருங்க. குளிர் காலத்துல இது இன்னும் மோசம், 30,000 பிடியு ஹீட்டர் எரியற நேரத்துல மணிக்கு ஒண்ணே கால் லிட்டர் கிட்ட இழுக்கும், அதே டேங்க்ல ஜெனரேட்டரும் உக்காந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு எது முதல்ல நிக்கும்னு சொல்ல முடியாது.

டீசலுக்கு வண்டியோட மெயின் டேங்க்லேருந்தே குழாய் எடுத்துக்கலாம். அந்தக் குழாயை டேங்க் அடி வரைக்கும் விடாம கால் டேங்க் உயரத்துல நிறுத்துவாங்க, அந்த அளவுக்குக் கீழ டீசல் இறங்கினதும் ஜெனரேட்டர் தானா நின்னுடும், வண்டி ஓட்டிட்டு பங்க் போய்ச் சேர கால் டேங்க் மிச்சம் இருக்கும். நல்ல ஏற்பாடு. 90 லிட்டர் டேங்க்னா மேல இருக்கற 67 லிட்டர்ல 12 ராத்திரி ஓடும். தீந்தா எந்த பங்க்லயும் போட்டுக்கலாம், எப்படியும் வண்டிக்குப் போடத்தான் போறீங்க. புரோப்பேனுக்கு நிரப்பற இடம் தேடணும், பெரிய ஊருகள்ல பிரச்சினை இல்ல, ஒதுக்குப்புறமான இடத்துலதான் தேட வேண்டி வரும், ஆனா ஜெனரேட்டர் தேவைப்படறதே ஒதுக்குப்புறத்துலதான். நாடு தாண்டிப் போறவங்களுக்கு சிலிண்டர் வாய், அடாப்டர்னு இன்னொரு தலைவலி, ஒரு நாட்டு நாஸில் இன்னொரு நாட்டு டேங்க்ல மாட்டாது.

அடுத்தது யாரும் விளம்பரத்துல போடாத விஷயம், கேஸ் ஆவியாகற வேகம். டேங்க் உள்ள புரோப்பேன் திரவமா இருக்கு, இன்ஜினுக்குப் போறது மேல நிக்கற ஆவி. ஆவி வெளிய போகப் போக திரவம் கொதிச்சு புது ஆவி தரணும், கொதிக்க சூடு வேணும், அந்தச் சூட்டை டேங்க்கோட தகரம் வழியா வெளிக்காத்துலேருந்துதான் இழுக்குது. இன்ஜின் மணிக்கு ஒரு கிலோ இழுத்தா அதை ஆவியாக்கவே 100 வாட்டுக்கு மேல சூடு தொடர்ந்து உள்ள வந்துகிட்டே இருக்கணும். வெளிய வெயில், டேங்க் பெருசு, பாதிக்கு மேல நிரம்பியிருக்குன்னா கவலையே இல்ல. குளிர் ராத்திரி, சின்ன சிலிண்டர், அடியில கொஞ்சம்தான் மிச்சம்னா, திரவம் தகரத்தைத் தொடற பரப்பு சுருங்கிடும், சிலிண்டர் வெளிப்பக்கம் பனி கட்டும், அழுத்தம் விழும், இன்ஜின் ஏறி இறங்கி ஏறி இறங்கி கடைசியில நின்னுடும். சிலிண்டரைத் தூக்கிப் பாத்தா உள்ள கேஸ் இருக்கும்! நிறைய பேர் இதை ரெகுலேட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு புது ரெகுலேட்டர் வாங்கறாங்க.

அழுத்தம் எவ்வளவு மாறுதுன்னா, 40 டிகிரி வெயில்ல டேங்க் உள்ள 12 பாருக்கு (பார்ங்கறது அழுத்தத்தை அளக்கற அலகு) மேல இருக்கும், 0 டிகிரியில நாலு பாருக்குக் கொஞ்சம் கீழ, மைனஸ் 20ல ஒண்ணரை பார் கூட இல்ல. புரோப்பேன் கொதிக்கறது மைனஸ் 42 டிகிரியில, அதனால அதுவரைக்கும் வேலை செய்யும்னு சொல்றது புத்தகத்துல சரி, வேலை செய்யற வேகம்தான் பிரச்சினை. அது சுத்தமான புரோப்பேனுக்குச் சொன்னது. பல இடங்கள்ல எல்பிஜின்னு நிரப்பித் தர்றது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே ஆவியாகறதை நிறுத்திக்கும், ஆக பனி நாள்ல புரோப்பேன் முதல்ல போயிட்டு பியூட்டேன் அடியில சும்மா கிடக்கும். ஜெனரேட்டர் கையேட்டுல எச்டி-5 தரம்னு போட்டிருந்தா அது குறைஞ்சது 90 சதவீதம் புரோப்பேன் இருக்கற எரிபொருள்னு அர்த்தம், நிரப்பற இடத்துல அதைக் கேட்டு வாங்கணும். சிலிண்டர் வெச்சிருக்கறவங்க ரெண்டை ஒண்ணா இணைச்சு ரெண்டுலேருந்தும் ஒரே நேரத்துல இழுக்க விட்டா பாதிப் பிரச்சினை தீரும். குழாயும் தடிமனா இருக்கணும், இந்த வகை ஜெனரேட்டர்கள் கேக்கற அழுத்தம் 28 மில்லிபார் சுத்துவட்டாரம்தான், ஒல்லிக் குழாய்ல நீளமா இழுத்தா ஹீட்டர் எரிய ஆரம்பிச்சதும் இன்ஜினுக்குப் போற அழுத்தம் படுத்துடும்.

டீசலுக்கும் குளிர் ஆகாது, அதையும் சொல்லிடணும். கடுங்குளிர்ல டீசல்ல இருக்கற மெழுகு திரிஞ்சு ஃபில்டரை அடைக்கும், அதுக்குத்தான் குளிர் நாடுகள்ல குளிர்காலத்துக்குன்னு தனி டீசல் விக்கறாங்க. வெயில் பக்கம் நிரப்பின டேங்க்கோட மலை ஏறறவங்கதான் மாட்டிக்குவாங்க. ஆனா அப்ப வண்டியே கிளம்பாது, ஜெனரேட்டர் அப்புறம்தான்.

சரி, இவ்வளவு நேரம் புரோப்பேனைத் திட்டினேன், அதுக்கு உள்ள நல்லதையும் சொல்லணும். எரியறது நிஜமாவே சுத்தம். புகைக்கரி இல்ல, ஆயில் ரொம்ப நாளைக்கு நிறம் மாறாம இருக்கும், ப்ளக் சுத்தமா இருக்கும். எரிபொருள் கெட்டுப்போகாது, இது ரொம்பப் பெரிய விஷயம். வருஷத்துல எட்டு மாசம் வண்டி சும்மா நிக்கும்னா பெட்ரோல் கார்புரேட்டர்ல பிசின் மாதிரி ஒட்டிக்கும், டீசல்ல தண்ணி சேந்து அதுல பூஞ்சையும் பாக்டீரியாவும் வளந்து கறுப்பு வழுவழுன்னு ஃபில்டரை அடைக்கும், பயோடீசல் கலந்திருந்தா இன்னும் சீக்கிரம். புரோப்பேனுக்கு இது எதுவும் இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சுத் திறந்தாலும் அதே கேஸ். எடையும் கம்மி. 5 கிலோவாட் சுத்துல ஒரு புரோப்பேன் ஜெனரேட்டர் 120, 130 கிலோவுல முடிஞ்சுடும், பெரிய வண்டிகள்ல வர்ற 8 கிலோவாட் தண்ணிக் குளிர்ச்சி டீசல் 300 கிலோவைத் தாண்டும். விலையும் விக்கறவர் சொன்ன மாதிரி கம்மிதான்.

டீசல்ல இன்னொரு ஆபத்து இருக்கு, அதிக லோடுல இல்ல, கம்மி லோடுல. டீசல் இன்ஜின் சூடா, உழைச்சு ஓடணும். 30 சதவீதத்துக்குக் கீழ மணிக்கணக்கா ஓட விட்டா டீசல் முழுசா எரியாம எக்ஸாஸ்ட்ல ஈரமான கறுப்புப் பிசுக்கா சேரும், இன்ஜெக்டர்ல கரி பிடிக்கும், இன்ஜின் சிலிண்டரோட சுவர் பளபளன்னு மெருகேறி ரிங் சரியா உக்காராது, ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். வெட் ஸ்டாக்கிங்னு சொல்வாங்க. "எதுக்கும் இருக்கட்டும்"னு ஒரு ஏசிக்கு 8 கிலோவாட் டீசல் வாங்கிப் போட்டவங்களோட இன்ஜின்தான் இப்படி சீக்கிரம் கெடும். உங்களுக்கு 3 கிலோவாட் சுத்துல ஒண்ணு போதும், அதுக்கு மேல யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க.

அந்த 3 கிலோவாட் எங்கேருந்து வருதுன்னா, 13,500 பிடியு ஏசி ஓடறப்போ 1,300லேருந்து 1,500 வாட் வரைக்கும் எடுக்கும், ஆனா கம்ப்ரஸர் கிளம்பற அந்த ஒரு நொடிக்கும் கம்மியான நேரத்துல அதைப் போல மூணு நாலு மடங்கு இழுக்கும். அதைத் தாங்கறதுக்குத்தான் ஜெனரேட்டரைப் பெருசா வாங்கச் சொல்றாங்க. அதுக்குப் பதிலா ஏசியில ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டிடுங்க, சின்னப் பெட்டிதான், கிளம்பற இழுவையைப் பாதிக்கும் கீழ இறக்கிடும். இந்த ஒரு செலவு ஜெனரேட்டர் சைஸையே ஒரு படி குறைக்கும், எந்த எரிபொருளா இருந்தாலும் சரி. அப்புறம் புரோப்பேன் வாங்கறவங்க கவனிக்க வேண்டியது, இன்ஜினுக்கு உள்ள போற கேஸ் காத்தோட இடத்தையும் கொஞ்சம் பிடிச்சுக்கும், அதனால அதே இன்ஜின் கேஸ்ல ஓடினா பலம் குறையும். கம்மின்ஸ் ஒனான்ங்கற ஜெனரேட்டர் கம்பெனியோட வரிசையில பெட்ரோல்ல 4,000 வாட் தர்ற மாடல் புரோப்பேன் வடிவத்துல 3,600 வாட்டா இருக்கறது இதனாலதான். அதே கம்பெனி டீசல்ல சின்ன சைஸா 3,200 வாட் மாடல் ஒண்ணு வெச்சிருக்கு, சாஃப்ட் ஸ்டார்ட்டரோட உங்க ஏசிக்கு அந்த அளவு சரியா இருக்கும்.

மலைப்பக்கம் போறவங்களுக்கு, 300 மீட்டர் ஏறினா டர்போ இல்லாத எந்த இன்ஜினும் சுமார் 3.5 சதவீதம் பலம் இழக்கும். 2,400 மீட்டர்ல நின்னீங்கன்னா கால் பங்குக்கு மேல போயிருக்கும், 3,200 வாட் மெஷின் 2,300 தந்தா பெருசு. அந்த உயரத்துல ஏசி எதுக்கு, அது வேற விஷயம்.

சத்தத்துக்கு வருவோம், பக்கத்து வண்டிக்காரரோட உறவு இதுலதான் தங்கியிருக்கு. விளம்பரத்துல டெசிபல் எண்ணை மட்டும் பாத்து ஒப்பிடாதீங்க, எத்தனை மீட்டர் தள்ளி அளந்ததுன்னு பாருங்க. தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், ஆக ஒருத்தர் 3 மீட்டர்லயும் இன்னொருத்தர் 7 மீட்டர்லயும் அளந்தா அதே மெஷினுக்கு 7 டெசிபல் வித்தியாசம் காட்டும், 10 டெசிபல் குறைஞ்சாலே காதுக்குப் பாதிச் சத்தம்தான் கேக்கும். புரோப்பேன் இன்ஜின் காத்துல ஆறறது, பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு 3,600, 50 ஹெர்ட்ஸ்க்கு 3,000 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) ஒரே சீரா ஓடும், கீச்சுன்னு ஒரு இரைச்சல். டீசல்ல நல்ல மாடல்கள் 1,800 இல்ல 1,500ல மெதுவா ஓடும், தண்ணியில ஆறும், சத்தப் பெட்டிக்குள்ள மூடி வரும், வெளிய நிக்கறவங்களுக்கு அது புரோப்பேனை விட அமைதியாவே கேக்கலாம். ஆனா அந்த டக்டக் அதிர்வு தரை வழியா உள்ள வரும், படுக்கைக்கு நேர் கீழ மாட்டினா தூக்கம் போச்சு. விக்கறவர் சொன்ன "சத்தம் கம்மி" விலை மலிவான டீசலோட ஒப்பிட்டா நிஜம், நல்ல டீசலோட ஒப்பிட்டா இல்ல. டீசல் புகை வாடை மட்டும் எந்த விலைக்கும் போகாது, ஜன்னல் திறந்து வெச்சிருக்கற பக்கத்து வண்டிக்குள்ள நேரா போகும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கறதுன்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012ல உறுதியாவே வகைப்படுத்திடுச்சு, அதனால குழாய் வாய் எந்தப் பக்கம் பாக்குதுங்கறது சும்மா மரியாதை விஷயம் மட்டும் இல்ல.

பாதுகாப்புல புரோப்பேன்காரங்க ஒண்ணு கவனிக்கணும். டீசல் கசிஞ்சா கறை, வாடை, அவ்வளவுதான், சாதாரண சூட்டுல தீப்பொறி பட்டாலும் லேசுல பத்தாது. புரோப்பேன் கசிஞ்சா காத்தை விட ஒண்ணரை மடங்கு கனம், தரையோட ஓடி தாழ்வான மூலையில தேங்கும், காத்துல ரெண்டு சதவீதம் சேந்தாலே ஒரு பொறி போதும். அதனால கேஸ் டிடெக்டர் தரை கிட்ட இருக்கணும், டேங்க் பெட்டியோட அடியில காத்து வெளியேற ஓட்டை இருக்கணும், அதை யாரும் துணி வெச்சு அடைக்கக் கூடாது. பங்க்ல வண்டி நிறுத்தறதுக்கு முன்னாடி ஜெனரேட்டர், பைலட் சுடர் (அடுப்பு, ஹீட்டர்ல எப்பவும் எரியற சின்னச் சுடர்) எல்லாம் அணைச்சு டேங்க் வால்வை மூடணும். சில சுரங்கப் பாதைகள்லயும் கப்பல்லயும் எவ்வளவு கேஸ் கொண்டு போகலாம்னு வரம்பு இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க.

கார்பன் மோனாக்சைடு ரெண்டுலயும் வரும். புரோப்பேன்ல அது இன்னும் நயவஞ்சகம், ஏன்னா டீசல் எக்ஸாஸ்ட் வாடை அடிச்சு உங்களை எழுப்பிடும், புரோப்பேன் எக்ஸாஸ்ட்ல பெருசா வாடையே இருக்காது. கசியற கேஸ்ல நாத்தம் வர்றதுக்கு எதில் மெர்காப்டன் கலந்திருக்காங்க, ஆனா எரிஞ்சதுக்கு அப்புறம் அதுவும் போயிடும். "சுத்தமா எரியுது"ன்னு நினைச்சு ஜன்னல் பக்கம் கவலைப்படாம தூங்கறவங்களுக்குத்தான் ஆபத்து. படுக்கை உயரத்துல ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், அதோட பின்பக்கம் காலாவதி தேதி போட்டிருக்கும், அஞ்சுலேருந்து பத்து வருஷம்தான் ஆயுசு, பழைய வண்டி வாங்கினா முதல்ல அதைத் திருப்பிப் பாருங்க. எக்ஸாஸ்ட் குழாய் வண்டியோட ஓரத்தைத் தாண்டி வெளிய நீட்டியிருக்கணும், வண்டி அடியில முடியக் கூடாது.

பராமரிப்பைச் சுருக்கமா சொல்றேன். டீசல்ல ஃபில்டர், தண்ணி பிரிக்கற கிண்ணம், எப்பவாவது காத்து புகுந்தா எடுக்கற வேலை, தண்ணிக் குளிர்ச்சின்னா கூலன்ட், பெல்ட். புரோப்பேன்ல ப்ளக், காத்து ஃபில்டர், ரெகுலேட்டர், வால்வு க்ளியரன்ஸ் பாக்கறது, அவ்வளவுதான். ரெண்டுலயும் மாசத்துக்கு ஒரு தடவை பாதி லோடு போட்டு ரெண்டு மணி நேரம் ஓட விடணும், கம்மின்ஸ் ஒனான் கையேடே அப்படித்தான் சொல்லுது. வெறுமனே ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல அணைக்கறது ஓட்டாம விடறதை விட மோசம், ஆயில்ல ஈரம் சேரும். ஒழுங்கா பாத்துக்கிட்டா நல்ல டீசல் இன்ஜின் காத்துல ஆறற புரோப்பேன் இன்ஜினைப் போல ரெண்டு மூணு மடங்கு மணி நேரம் உழைக்கும், ஆனா வருஷத்துக்கு 40 மணி ஓட்டறவருக்கு அந்தக் கூடுதல் ஆயுசு பேரனுக்குத்தான் பயன்படும்.

இதுக்கு நடுவுல நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன். ஜெனரேட்டர் சைஸை முடிவு பண்றதுக்கு முன்னாடி பேட்டரியை முடிவு பண்ணுங்க. 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி ரெண்டு போட்டா 5 யூனிட் கிட்ட இருக்கு, ராத்திரி குளிர்ந்த பிறகு ஏசி விட்டு விட்டுத்தான் ஓடும்ங்கறதால, அஞ்சாறு மணி நேரம் சத்தமே இல்லாம தள்ளிடலாம். பகல்ல வண்டி ஓடறப்போ 60 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியா ஆல்டர்னேட்டரே (வண்டி இன்ஜின் சுத்தறதுல கரண்ட் தர்ற பாகம்) மணிக்கு முக்கால் யூனிட் திரும்பப் போடும், கூரையில 400 வாட் சோலார் நல்ல வெயில்ல நாளுக்கு ஒண்ணரை, ரெண்டு யூனிட் தரும். அப்ப ஜெனரேட்டரோட வேலை ராத்திரி முழுக்க ஓடறது இல்ல, சாயங்காலம் ஒண்ணு ரெண்டு மணி நேரம் பேட்டரியை நிரப்பறது மட்டும்தான். டீசல்னா இதுல பெரிய சார்ஜரா மாட்டுங்க, 12 வோல்ட்ல 120 ஆம்பியர் மாதிரி, ஏன்னா 60 ஆம்பியர் சார்ஜர் 800 வாட்தான் இழுக்கும், முன்ன சொன்ன அந்தக் கம்மி லோடு நோய் வரும். பழைய லெட் ஆசிட் பேட்டரியா இருந்தா கடைசி 20 சதவீதம் நிரம்பவே மணிக்கணக்கு ஆகும், அதுக்காக ஜெனரேட்டரை ஓட விடாதீங்க, 80 சதவீதத்துல அணைச்சுட்டு மிச்சத்தை சோலாருக்கு விட்டுடுங்க.

இப்படிப் போட்டா உங்க வருஷ மணிக்கணக்கு நூறுக்குக் கீழ வந்தாலும் வரும். அப்படி வந்தா விக்கறவர் சொன்னது சரியாயிடும், புரோப்பேன் போட்டுக்கங்க, 50 லிட்டர் டேங்க் போதும். பேட்டரிக்குச் செலவு பண்ண இஷ்டம் இல்ல, ஏசி ராத்திரி முழுக்க வேணும்னா நண்பர் சொன்ன டீசல். பெட்ரோல் இன்ஜின் வண்டியா இருந்திருந்தா பதில் வேற, அங்க டீசலுக்குன்னு தனி டேங்க் போடறது வீண் வேலை, வண்டி டேங்க்லேருந்தே ஓடற பெட்ரோல் ஜெனரேட்டரோடதான் புரோப்பேனை ஒப்பிடணும்.

பழசு வாங்கறதா இருந்தா, மணி மீட்டரைப் பாருங்க, ரொம்பக் கம்மியா இருந்தா சந்தோஷப்படாதீங்க. பதினஞ்சு வருஷத்துல 90 மணிதான் ஓடியிருக்குன்னா அது சும்மா கிடந்து சீல் காய்ஞ்ச மெஷின். நீங்க போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி சூடு பண்ணி வெக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, குளிர்ந்த இன்ஜின் உங்க முன்னாடி கிளம்பணும். ஏசியும் மைக்ரோவேவும் ஒண்ணா போட்டு அரை மணி நேரம் ஓட விட்டு வோல்டேஜ் ஆடுதான்னு மீட்டர் வெச்சுப் பாருங்க. டீசல்ல ஆரம்பத்துல கொஞ்சம் வெள்ளைப் புகை பரவாயில்ல, சூடான பிறகும் வந்தா வேண்டாம்.

எது வாங்கறதா இருந்தாலும் பணம் கட்டறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு எடை மேடையில ஏத்துங்க. தண்ணி டேங்க் நிரப்பி, டீசல் நிரப்பி, சாமான், ஆளுங்க எல்லாரோடயும், முன் ஆக்ஸில் தனியா பின் ஆக்ஸில் தனியா. வண்டியோட தகட்டுல போட்டிருக்கற அளவுக்கும் அதுக்கும் நடுவுல 200 கிலோ கூட மிச்சம் இல்லாத மோட்டார்ஹோம்கள் ஏராளம், அதுவும் 3.5 டன் வகையில. 150 கிலோ டீசல் ஜெனரேட்டரைப் பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி தொங்க விட்டா பின் ஆக்ஸில்ல விழற கனம் அதை விடக் கூடுதலா இருக்கும், முன் சக்கரம் லேசாகும். அந்த மிச்சம் இல்லன்னா டீசலைப் பத்தின பேச்சே வேண்டாம், லேசான புரோப்பேன் இல்லன்னா ஜெனரேட்டரே இல்லாம பேட்டரியும் சோலாரும்தான்.